பில்லுக்கு நீளாத கை

மனித குலம் தோன்றியதிலிருந்து நடந்த அதிசயங்களை யாராவது வரிசைப்படுத்தச் சொன்னால், நிலாவில் மனிதன் கால் வைத்ததை நான் இரண்டாவது இடத்தில்தான் வைப்பேன். முதலிடம் எங்கள் தெருவில் குடியிருக்கும் லிஃப்ட் மெக்கானிக்குக்கு. அவர் ஒரு பெரிய ஹோட்டலில், தன் தங்கை புருஷனுக்கு நேர் எதிரே உட்கார்ந்து, மேஜைக்கு வந்த பில்லை எடுக்கக் கை நீட்டாமல் இருந்தார். நிலாவுக்குப் போனவர்களுக்காவது ராக்கெட் இருந்தது. இவரிடம் என்ன இருந்தது? கழுத்தளவு கடனும் ஒரு பெண்டாட்டியும்தான்.

நம்ப முடியாதுதான். அவரைப் பெற்ற தாயே நம்பவில்லை. "என் புள்ளையாவது, பில்லை விட்டுக்குடுக்கிறதாவது! சூரியன் லீவு போட்டிருச்சுன்னு சொல்லு, நம்புறேன்" என்றார் அந்த அம்மாள். மூட்டுவலியால் அன்று விருந்துக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்தவர் அவர் ஒருவர்தான்.

விஷயம் தொடங்கியது சமையலறையில். மாமியாரின் மூட்டுவலி மாத்திரைக்காக மருமகள் மருந்துக்கடையில் கார்டை நீட்டியிருக்கிறாள்; மெஷின் முறைத்திருக்கிறது. இன்னொரு கார்டை நீட்டியிருக்கிறாள். இம்முறை மெஷினோடு சேர்ந்து வரிசையில் நின்ற அத்தனை பேரும் முறைத்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்தவள் வெங்காயம் நறுக்கும் பலகையில் அந்த இரண்டு கார்டுகளையும் வைத்தாள். பக்கத்தில் கத்தி கிடந்தது. அதை அவள் நகர்த்தவில்லை.

"உங்களோடதையும் எடுத்து வைங்க."

மெக்கானிக் பர்ஸைத் திறந்து இரண்டு வைத்தார்.

"எல்லாத்தையும்."

அவர் கூடத்துக்குப் போய், டூல் பெட்டியின் அடித்தட்டில் ஸ்பானர்களுக்குக் கீழே கையை விட்டு, இன்னும் இரண்டைக் கொண்டுவந்தார். கிரீஸ் பூசியிருந்தது.

"ரெண்டுன்னுதானே சொன்னீங்க?"

"அந்த ரெண்டுக்குப் பொறந்ததுங்க இதுங்க."

"பேரன் பேத்தி எதுவும் இருக்கா?"

"இப்போதைக்கு இல்ல. புதுக் கார்டு தரேன்னு ஒருத்தன் மட்டும் போன் பண்ணிக்கிட்டே இருக்கான்."

அவள் சிரிக்கவில்லை. ஒரு லேபில் ரத்தம் எடுக்கும் வேலை அவளுக்கு. நரம்பே தெரியாத குழந்தையின் கையிலும் முதல் குத்தில் எடுத்துவிடுவாள் என்று பெயர். அப்படிப்பட்டவள், மாதா மாதம் தன் கார்டில் பணமாக எடுத்து, புருஷன் கார்டுக்கு மினிமம் கட்டிக்கொண்டிருந்தாள். ஓட்டைப் பானையை ஓட்டை அகப்பையால் நிரப்புகிற வேலை.

"என் கார்டுல நான் ஒரு செருப்பு வாங்கினதில்லங்க. பகல் பூரா ஊரு ரத்தத்த நான் எடுக்கிறேன். மாசக் கடைசியில என் ரத்தத்த நீங்க எடுக்கறீங்க."

"நான் என்ன குடிச்சேனா? சூதாடினேனா?"

"குடிச்சிருந்தா குடிகாரன்னு நாலு பேரு சொல்லியிருப்பாங்க, நிறுத்தியிருப்பீங்க. இப்ப வள்ளல்னு சொல்றாங்களே, எப்படி நிறுத்துவீங்க?"

கூடத்திலிருந்து அம்மாவின் குரல் வந்தது: "என்னடா அங்க சத்தம்?"

"ஒண்ணுமில்லம்மா. வெங்காயம்" என்றார் வள்ளல், கண்ணைத் துடைத்துக்கொண்டு. பலகையில் வெங்காயமே இல்லை.

வள்ளல் என்ற பட்டம் எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். கொடுத்தவர் தங்கை புருஷன். டைல்ஸ் கடை முதலாளி. இந்த மாப்பிள்ளையைப் போல் உத்தமன் உலகில் கிடையாது. அதை அவரே சொல்வார். "வரதட்சணைன்னு ஒத்தப் பைசா தொட்டதில்ல நான்!" என்பதைக் காலையில் பல் தேய்க்கும்போது ஒருமுறை, சாப்பாட்டுக்குப் பின் ஒருமுறை என்று மருந்து மாதிரி சொல்லி வருபவர். தொட்டதில்லை என்பது சத்தியம். தொடாமலே சாப்பிட்டார்.

அது ஒரு நூதனமான ஏற்பாடு. மாப்பிள்ளைக்குப் பிறந்தநாள் என்றால் விருந்து. கடைக்குப் புது லாரி வந்தால் விருந்து. பழைய லாரி விற்றால் அந்தத் துக்கத்தை ஆற்றவும் விருந்து. அழைப்பவர் மாப்பிள்ளை. ஹோட்டலைத் தேர்ந்தெடுப்பவர் மாப்பிள்ளை. அவர் வீட்டு மனிதர்கள் ஒரு வரிசை, இவர் வீட்டு மனிதர்கள் ஒரு வரிசை என்று மேஜை நிறையும். ஐஸ்க்ரீம் கிண்ணங்களை எடுத்துக்கொண்டு போன சர்வர் பில்லோடு திரும்பி வருவான். அப்போது தொடங்கும் சண்டை.

அந்தச் சண்டையைப் பார்த்தவர்கள் பாக்கியசாலிகள். மாப்பிள்ளை நாற்காலியிலிருந்து ஒரு பக்கமாக எழும்பி, பின் பாக்கெட்டை நோக்கிக் கையைக் கொண்டுபோய், "இன்னிக்கு நான்தான் மச்சான், நீங்க பேசவே கூடாது" என்பார். கை பாக்கெட்டைத் தொடும். பர்ஸை மட்டும் தொடாது. இவர்கள் பக்கத்துச் சித்தப்பா, எப்போதும் சுவரோரமாக நான்கு பேருக்கு அந்தப்புறம் சிக்கிக்கொள்கிற இடமாகப் பார்த்து உட்காருகிறவர், அங்கிருந்தபடியே "அதெல்லாம் முடியாது, நான் குடுக்கிறேன், எனக்கு வழி விடுங்க" என்று கர்ஜிப்பார். வழிவிட யாராவது நாற்காலியை நகர்த்தினால், "பரவால்ல, பரவால்ல, உக்காருங்க" என்பார். இந்த இரண்டு சிங்கங்களுக்கும் நடுவில் புகுந்து, சர்வரின் மணிக்கட்டைப் பிடித்து, கார்டை அவன் உள்ளங்கையில் திணித்து, போரை முடித்துவைப்பது பெண் கொடுத்த வீட்டின் மூத்த பிள்ளையின் கடமை. "நம்ம மச்சான் வள்ளலுப்பா!" என்று மாப்பிள்ளை உட்காருவார். கைதட்டல்கூட உண்டு.

பெண்கள் அந்தச் சண்டையில் வேடிக்கை பார்க்கிறவர்கள். டிக்கெட் காசு மட்டும் அவர்களுடையது.

தெரிந்தும் ஏன் செய்தார் என்று கேட்கலாம். அன்று சமையலறையில் மனைவியும் அதைத்தான் கேட்டாள்.

"நான் குடுக்கலன்னா தங்கச்சியக் குத்திக் காட்டுவாங்க. ஒண்ணும் இல்லாத வீட்டுலேருந்து வந்தவன்னு."

"குடுத்துக்குடுத்துதான் நாம ஒண்ணும் இல்லாத வீடா ஆயிட்டோம்."

ஆறு கார்டுகளையும் ஒரே கடனாக்கி அடைத்துத் தலைமுழுகிவிடுவது என்று அந்தப் பலகையின் முன்னால் முடிவாயிற்று.

லேப் ஊழியர்களுக்கு ஒரு கடன் சங்கம் உண்டு. கார்டுக்காரன் வாங்குகிற வட்டியில் ஒரு மூலைக்குக்கூட வராது அதன் வட்டி. அதன் செயலாளர், மூக்குக் கண்ணாடிக்கு மேலாகவே உலகத்தைப் பார்க்கிற மனிதர், இருவரையும் எதிரில் உட்காரவைத்தார்.

"கடன ஒண்ணாக்குறது பெரிய வித்தை இல்லம்மா. கடன்காரங்க ரெண்டு பேரும் ஒண்ணா இருக்கீங்களா? அதச் சொல்லுங்க."

இருவரும் தலையாட்டினார்கள். ஜாமீன் கையெழுத்துக்கு ஆள் வேண்டும் என்றார். ஸ்கேன் அறையில் வேலை பார்க்கும் அக்கா வந்தாள். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு மெக்கானிக்கை ஏற இறங்கப் பார்த்தாள்.

"தம்பி, நீங்க ஒரு தவணை விட்டா என் சம்பளத்துல பிடிப்பாங்க. என் பொண்ணோட காலேஜ் பீஸு அதுலதான் இருக்கு. உங்க பெண்டாட்டிக்காகப் போடறேன். உங்களுக்காகன்னா இங்க் செலவு பண்ண மாட்டேன்."

போட்டாள். கார்டுகள் அடைபட்டன. ஆனால் அடைபட்ட கார்டைப் போல் ஆபத்தான ஜந்து வேறில்லை. வயிறு காலியாகி, வாயைத் திறந்துகொண்டு, "மறுபடியும் வா ராசா" என்று கூப்பிடும். மனைவி தன் இரண்டையும் கத்தரித்துப் போட்டாள். அவருடையதில் மூன்றை வெட்டினாள். நான்காவதை அவர் இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார்.

"ஒண்ணே ஒண்ணு இருக்கட்டுமே. அவசரத்துக்கு."

"என்ன அவசரம்?"

"மானம்னு ஒண்ணு இருக்குல்ல?"

அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். "சரி, பர்ஸுல வெச்சுக்குங்க உங்க மானத்த. தேய்ச்சீங்கன்னா தவணை கட்ட முடியாது. அக்கா வீட்டுப் பொண்ணு காலேஜ விட்டு நிப்பா. நான் அந்த லேப்ல தல நிமிந்து நடக்க முடியாது. அப்புறம் உங்க இஷ்டம்."

அதன் பிறகு அந்த வீட்டில் நடந்த சிக்கனத்தைப் பற்றி எறும்புகளைக் கேட்டால் தெரியும். அவை சர்க்கரை டப்பா வரை போய்ப் பார்த்து, பரிதாபப்பட்டு, வரும்போது ஏதாவது கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயின. சம்பளம் இரண்டும் வந்த அன்றே தவணை போய்விடும். மிச்சத்தில் மாதம் நொண்டியடிக்கும்.

விருந்துகளுக்கு ஒரு வழி கண்டுபிடித்தார் மெக்கானிக். மாப்பிள்ளையிடமிருந்து அழைப்பு வந்தால் போதும், ஊரில் எங்கேயாவது ஒரு லிஃப்டில் ஒரு மனிதர் மாட்டிக்கொள்வார். "கர்ப்பிணிப் பொண்ணு மாப்ள, மூச்சு முட்டுதாம்", "எட்டாவது மாடியில ஒரு ஜட்ஜு மாப்ள." அந்தக் காலத்தில் இவர் வாயால் லிஃப்டில் மாட்டியவர்களை வெளியே விட்டிருந்தால் ஒரு தனி நகராட்சியே அமைத்திருக்கலாம்.

கடைசியில் தப்ப முடியாத விருந்து ஒன்று வந்தது. மாப்பிள்ளையின் இரண்டாவது கடை திறப்பு, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். தங்கையே போன் செய்தாள். "அண்ணா, இந்தத் தடவையும் யாராவது லிஃப்டுல மாட்டினா, நான் மாடியிலேருந்து படியில இறங்கிப் போயிருவேன் எங்கயாவது. இங்க பேச்சு தாங்க முடியல." பேச்சு என்றால் என்ன பேச்சு என்று அவர் கேட்கவில்லை. அவருக்குத் தெரியும்.

போகும்போது வாசலில் அம்மா மகனின் சட்டைக் காலரைச் சரிசெய்தார். "நீ கொறஞ்சு நிக்காதடா. உங்கப்பா கை எப்பவும் மேலதான் இருந்துச்சு."

அந்த ஹோட்டலின் பெருமையைச் சொல்லி மாளாது. உள்ளே இருந்த குளிரில் சூப் மேஜைக்கு வருவதற்குள் உறைந்துவிடலாமா என்று யோசிக்க ஆரம்பித்துவிடும். மாப்பிள்ளை மெனுவின் வலது பக்கத்தை, அதாவது விலை இருக்கும் பக்கத்தை, கட்டை விரலால் மறைத்துக்கொண்டு ஆர்டர் கொடுத்தார். கடலில் நீந்துவது, தரையில் நடப்பது, வானில் பறப்பது எல்லாம் வறுபட்டும் வேகவைக்கப்பட்டும் வந்தன. "ஒத்தப் பைசா தொட்டதில்ல நான்" என்பதை மீனுக்கும் கோழிக்கும் இடையில் மாப்பிள்ளை ஒருமுறை சொல்லிக்கொண்டார். சித்தப்பா சுவரோரம் வாகாகச் சிக்கியிருந்தார்.

பில் வந்தது.

மாப்பிள்ளை ஒரு பக்கமாக எழும்பினார். கை பின் பாக்கெட்டுக்குப் போனது. "இன்னிக்கு நான்தான் மச்சான், நீங்க பேசவே கூடாது."

மச்சான் பேசவில்லை.

கை நீட்டவும் இல்லை. இரண்டு கைகளையும் மேஜையின் மேல் வைத்து, அவை தன்னுடையவைதானா என்று பார்ப்பது போல் பார்த்துக்கொண்டிருந்தார். வள்ளலின் நெற்றியில் அந்தக் குளிரிலும் வியர்வை.

மாப்பிள்ளையின் நிலைமையை நினைத்துப் பாருங்கள். பாதி எழும்பிய மனிதர். மேலேயும் போக முடியாது, கீழேயும் வர முடியாது. இரண்டு மாடிக்கு நடுவே நின்ற லிஃப்ட் மாதிரி தொங்கினார். "அட, நான்தான் குடுப்பேன், யாரும் தடுக்கக் கூடாது!" என்றார் மறுபடியும். யாரும் தடுக்கவில்லை. "நான் குடுக்கிறேன், வழி விடுங்க" என்று சித்தப்பா பழக்க தோஷத்தில் கர்ஜித்துவிட்டார். பக்கத்திலிருந்த பையன் மெய்யாகவே நாற்காலியை நகர்த்தி வழிவிட்டான். சித்தப்பா அவசரமாக இன்னொரு ஐஸ்க்ரீம் கேட்டார்.

பில், உரிமை கோர யாரும் வராத பிரேதம் போல மேஜை நடுவில் கிடந்தது. சர்வர் தண்ணீர் ஊற்றினான். நிரம்பிய டம்ளரிலும் ஊற்றினான். மாப்பிள்ளையின் வீட்டு வரிசையில் ஒரு பெரியம்மா பக்கத்தில் இருந்தவளின் காதில் எதையோ சொன்னாள். காதில் சொன்னது என்றாலும் ஹோட்டல் முழுக்கக் கேட்டது. "இல்லாதவங்க."

தங்கையின் முகம் வெளுத்ததை அண்ணி பார்த்தாள். இப்போது நடந்ததைத்தான் நான் அதிசயத்துக்குள் அதிசயம் என்பேன். இத்தனை காலம் கணக்குப் பார்த்துக் கத்தரித்து, எறும்புக்குக்கூட ஈயாமல் குடும்பம் நடத்தினாளே, அந்த மனைவியின் கை தானாகவே தன் கைப்பையின் ஜிப்பைத் திறந்தது! உள்ளே இந்த மாதத் தவணைப் பணம் இருந்தது. அவமானம் என்பது அப்படிப்பட்ட பேய். பூசாரியையே முதலில் பிடிக்கும்.

அவள் கையின் மேல் கிரீஸ் கறை போகாத ஒரு கை வந்து விழுந்தது. ஜிப் மூடியது.

"மாப்ள," என்றார் மெக்கானிக். "என்கிட்ட இல்ல."

"என்ன மச்சான், வெளையாடறீங்க? பர்ஸ மறந்துட்டீங்களா? அட, கார்டு..."

"பர்ஸு இருக்கு. கார்டும் ஒண்ணு இருக்கு. காசுதான் இல்ல. எப்பவும் இருந்ததில்ல. நீங்க இத்தன வருஷம் சாப்பிட்டதெல்லாம் கடன். உங்க தங்கச்சி மாதிரி இவ, தெனம் ஊசி பிடிச்சு அதக் கட்டிக்கிட்டிருக்கா. இன்னொருத்தங்க சம்பளத்த ஜாமீன் வெச்சிருக்கோம். இன்னிக்கு நான் தேய்ச்சா, ஒரு பொண்ணு படிப்பு நிக்கும். என்னால முடியாது மாப்ள."

ஒரு மேஜை முழுக்க மனிதர்கள் மெல்லுவதை நிறுத்தும் சத்தத்தை நீங்கள் கேட்டிருக்கிறீர்களா? அன்று கேட்டது.

தங்கை அண்ணனைப் பார்த்தாள். அண்ணியின் கையைப் பார்த்தாள். வளையல் இல்லாத, மருந்துப் பஞ்சு வாசனை வீசும் கை. அவளுக்கு இது எதுவும் தெரியாது. அண்ணன் செழிப்பாக இருக்கிறான், அதனால் கொடுக்கிறான் என்றுதான் அவளும் இவ்வளவு நாள் தலை நிமிர்ந்து ஐஸ்க்ரீம் சாப்பிட்டிருக்கிறாள். அவள் பில்லை எடுத்தாள். பெண் ஒருத்தியின் விரல் அந்தக் குடும்பத்தில் பில்லின் மேல் பட்டது அதுதான் முதல் தடவை. இன்னும் பாதியில் தொங்கிக்கொண்டிருந்த புருஷனின் முன்னால் வைத்தாள்.

"நீங்கதான் எங்க வீட்டுலேருந்து எதையும் வாங்காதவராச்சே," என்றாள், சத்தமே இல்லாமல். "இதையும் வாங்காதீங்க."

மாப்பிள்ளை உட்கார்ந்தார். பர்ஸ் வெளியே வந்தது. பாவம், அந்தப் பர்ஸ் வெளிச்சமே பார்த்ததில்லை. அதன் தோல் சுருக்கம்கூடக் கலையவில்லை, கண் கூசியிருக்கும். அதற்குள் பணம் கொழுத்துக் கிடந்தது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இல்லாதவன் ஒருவன் கடன் வாங்கி, இருப்பவன் ஒருவனுக்கு ஊட்டிவிட்டு, வாங்கிய பட்டம் வள்ளல்! கொடுப்பதற்கு முன் மாப்பிள்ளை பில்லை வரி வரியாகப் படித்தார். ஒரு தண்ணீர் பாட்டில் அதிகம் போட்டிருக்கிறது என்று சர்வரோடு வாதாடினார். இத்தனை வருடத்தில் அவர் பில்லைப் படிப்பது அன்றுதான்.

கடனை அவர்கள் பிறகு முழுதாகக் கட்டி முடித்தார்கள். ஸ்கேன் அறை அக்காவின் பெண் காலேஜ் முடித்துவிட்டாள். பர்ஸில் இருந்த மானம் அந்த ஞாயிற்றுக்கிழமையே கத்தரிக்கோலுக்குப் போனது. தங்கை வீட்டில் சில மாதம் முகங்கள் நீண்டு கிடந்தன; பிறகு விருந்துகளே அருகிப்போயின. சொந்தக் காசில் கொண்டாட மாப்பிள்ளைக்குச் சந்தோஷங்கள் அவ்வளவாக இல்லை போலும். இதெல்லாம் பின்னால்.

அன்று மத்தியானம் வீட்டில் போன் மணி ஓயவில்லை. பெரியம்மா சொன்னாள்; சித்தப்பா சொன்னார்; மாப்பிள்ளை தொண்டை கட்டச் சொன்னார். அம்மா ஒருவரையும் நம்பவில்லை. "பொய். என் மகன் மேல பொறாம" என்று வைத்துவிட்டார். தங்கையே கூப்பிட்டு, "நெஜம்மா, அண்ணன் குடுக்கல. அவருதான் குடுத்தாரு" என்றபோதும், "உன்னச் சொல்லச் சொல்லி மிரட்டினாங்களா?" என்று கேட்டார்.

பிறகு மருமகளைக் கூப்பிட்டார்.

"நீ குடுத்தியா?"

"இல்ல அத்தை."

"அப்ப அவன்தான் குடுத்திருப்பான். எங்கிட்ட மறைக்கிறீங்க. எங்க அவன்?"

மருமகள் அறையைக் காட்டினாள். அந்த அம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து போய், கதவைத் தள்ளி எட்டிப் பார்த்தார். மகன் சட்டையைக்கூடக் கழற்றாமல், வாயைத் திறந்து, கட்டில் அதிரும்படி குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அம்மாள் நெடுநேரம் அங்கேயே நின்றார். திரும்பி வந்து உட்கார்ந்தபோது குரலில் இருந்த அதட்டல் எங்கோ போயிருந்தது.

"உங்க மாமாவும் அவர் தங்கச்சி வீட்டு விருந்துக்குப் போயி கை மேல வெச்சுட்டு வருவாரு. வந்தா படுக்க மாட்டாரு. கூடத்துல இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பாரு. மறுநாள் என் வளையல்ல ஒண்ணு கொறயும். கேக்கிறவங்ககிட்ட ஆசாரிகிட்ட பாலிஷ் போடக் குடுத்திருக்குன்னு சொல்லுவேன்." வெறுங்கையை ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொண்டார். "இன்னும் பாலிஷ் போட்டுக்கிட்டேதான் இருக்கான்."

அறைக்குள்ளிருந்து குறட்டை வந்துகொண்டிருந்தது.

"பில்லு குடுத்துட்டு வந்தவன் இப்படித் தூங்க மாட்டான்," என்றார் அந்த அம்மாள். "நடந்துதான் இருக்கு. பாழாப் போனது, ஒரு தலமுறை லேட்டா நடந்திருக்கு."